பலகைக்கு நாலாவது கையெழுத்து

அன்புள்ள சின்ன முதலாளிக்கு உன் சித்தப்பா எழுதுவது. நான் நலம், உன் அப்பா நலம், உன் அம்மா நலம், கடையில் உள்ள மூன்று இஸ்திரிப் பெட்டிகளில் இரண்டு நலம். மூன்றாவது மட்டும் சூடு ஏறமாட்டேன் என்கிறது, உன் அப்பா பக்கத்தில் நிற்கும்போது தான் வேறு எதற்குச் சூடாக வேண்டும் என்று நினைக்கிறது போலிருக்கிறது. நீ அங்கே நேரத்துக்குச் சாப்பிட்டு, ஈரத் தலையோடு படுக்காமல், சௌக்கியமாக இருக்கிறாய் என்ற நம்பிக்கையில்தான் பேனா மூடியைத் திறந்திருக்கிறேன். அப்படி இல்லையென்றால் கடிதத்தை இங்கேயே மடித்து வைத்துவிட்டு முதலில் போய்ச் சாப்பிட்டுவிட்டு வா, நான் காத்திருக்கிறேன்.

உன் கடிதம் போன மாதம் ஒரு செவ்வாய்க்கிழமை வந்தது, பதில் இத்தனை தாமதமானதற்குக் காரணம் கடைசியில் உனக்கே தெரியும். தபால்காரர் அதை நீட்டியபோது நம் சலவைக் கடை வாசலில் பதினேழாயிரம் பேர் துணி மூட்டையோடு வரிசையில் நின்றார்கள். உன் அம்மா இதைப் படித்தால் இரண்டு பேர் என்று திருத்துவார், அவருக்கு எப்போதுமே கஞ்சத்தனமான கண். அத்தனை பேரையும் நிற்க வைத்துவிட்டு நான் உறையைப் பிரித்துப் படித்தேன். உன் அப்பா தலையைத் தூக்கவில்லை, யாரிடமிருந்து என்று கேட்கவும் இல்லை, ஆனால் நான் படித்து முடிக்கிறவரை கையிலிருந்த சட்டையின் ஒரே காலரை ஒன்பது தடவை தேய்த்தார், அந்தக் காலரை வைத்து இப்போது வெங்காயம் நறுக்கலாம். போனில் சொல்லிவிடக்கூடியதற்கு எதற்குக் கடிதம் என்று உன் அம்மா கேட்கிறார். வெள்ளிக்கிழமை தோறும் நீயும் அவரும் பேசுவதை நானும் பார்த்துக்கொண்டுதான் இருக்கிறேன், அந்தப் போனைச் சுற்றி ஊர்ப்பட்ட காது. அதுவுமில்லாமல் நான் பேசினால் நடுவில் யாராவது நிறுத்திவிடுகிறார்கள், எழுதினால் ஒருவராலும் முடியாது, பிரதம மந்திரியே வந்தாலும் நான் முற்றுப்புள்ளி வைக்கிறவரை வாசலில் நிற்க வேண்டியதுதான்.

சரி, உன் வழக்குக்கு வருகிறேன். போர்டு என்கிற ஒற்றைச் சொல் ஒரே நாளில் உன்னை நாலு முனையிலிருந்தும் வளைத்து அடித்ததாக எழுதியிருக்கிறாய். காலையில் ஆபீஸ் வாசலில் நோட்டீஸ் போர்டைப் பார் என்றார்கள், பார்த்தாய். அதில் போர்டு முடிவு செய்துவிட்டது என்று ஒரு காகிதம் ஒட்டியிருந்தது, பலகை எப்படியடா முடிவு செய்யும் என்று அரை நாள் யோசித்தாய். மத்தியானம் மேலாளர் வந்து எல்லாரும் ஆன் போர்டு வந்துவிட்டீர்களா என்று கேட்டபோது எதன் மேல் ஏறுவது என்று சுற்றும்முற்றும் பார்த்தாய். சாயங்காலம் வீட்டுக்காரம்மா தந்த காகிதத்தில் அறையும் போர்டும் உண்டு என்று இருந்ததைப் படித்துவிட்டு, நேரே கீழே இறங்கிப் போய், அம்மா கட்டில் இருக்கு, நாற்காலி இருக்கு, போர்டை மட்டும் காணோமே என்று கேட்டாய் பார், அங்கேதான் நம் வம்சத்தின் ரத்தம் பேசியது. அந்தம்மா சிரித்த சிரிப்பில் அடுப்பில் இருந்தது பொங்கி வழிந்ததாகவும், போர்டுன்னா சாப்பாடும்மா, உட்காரு என்று ஒரு தட்டை நீட்டியதாகவும், பலகையைக் கேட்கப் போனவளுக்குச் சோறு கிடைத்தது எப்படி என்று சித்தப்பா ஆராய்ந்து பதில் போட வேண்டும் என்றும் கட்டளை. பலகை இல்லை என்று நீ போய்க் கேட்டதுதான் பெரிய வேடிக்கை, உன்னிடம்தான் ஒன்று இருக்கிறதே, அதைப் பற்றிப் பிறகு வருகிறேன்.

சின்ன முதலாளி ஆணையிட்டுச் சித்தப்பா சும்மா இருந்ததாகச் சரித்திரம் உண்டா. வாரம் ஐந்து வெள்ளைச் சட்டை போடும் ஆங்கில வாத்தியார் இருக்கிறாரே, அவர் வீட்டில் ஒரு அகராதி இருக்கிறது, அதைத் தூக்க இரண்டு பேர் வேண்டும், புரட்ட ஒருவர், விழாமல் பிடித்துக்கொள்ள இன்னொருவர். சார், இந்த ஒரு வார்த்தைக்கு வழி சொல்லும்வரை உங்கள் கால்சட்டை இந்தக் கடையைத் தாண்டாது என்று சொல்லிவிட்டேன். மனுஷன் கோபித்துக்கொள்வார் என்று பார்த்தால், இப்படி ஒரு கேள்வி கேட்டு முப்பது வருஷம் ஆச்சுப்பா என்று கண் பளபளக்க அகராதியைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு கடைக்கே வந்துவிட்டார். இரண்டு மணி நேரம், ஸ்டூல் மேல் உட்கார்ந்து, வகுப்பு. அகராதி சொல்வதை உள்ளபடி எழுதுகிறேன், நான் உப்புக்கூடச் சேர்க்கவில்லை, இந்தக் கடிதத்தில் நம்பக்கூடிய பகுதி இது ஒன்றுதான், நன்றாகப் படித்துக்கொள்.

ஆங்கிலம் தவழ்கிற குழந்தையாக இருந்த காலத்தில் போர்டு என்றால் பலகை, அவ்வளவுதான், மேலே ஒரு அர்த்தமும் முளைக்கவில்லை. கப்பலின் பக்கவாட்டுக்கும் அதே பெயர். அது இதோடு கூடப்பிறந்ததா, இல்லை வேறு வழியாக வந்து ஒட்டிக்கொண்ட பங்காளியா என்று பண்டிதர்களுக்குள் இன்னும் தகராறு இருக்கிறதாம், நாம் அடுத்தவர் குடும்பச் சண்டையில் தலையிட வேண்டாம், நமக்கே ஒன்று இருக்கிறது. கப்பலின் பக்கம் என்பதால்தான் ஏறினால் ஆன் போர்டு, தண்ணீரில் விழுந்தால் ஓவர்போர்டு. இனி சாப்பாட்டுக்கு வா. அந்தக் காலத்துச் சாப்பாட்டு மேசை நிரந்தரமாகக் கால் ஊன்றி நின்ற மேசை இல்லை. இரண்டு முட்டுக் கொடுத்து மேலே ஒரு நீளப் பலகையைப் போடுவார்கள், சாப்பிட்டு முடித்ததும் தூக்கிச் சுவரோரம் சாய்த்துவிடுவார்கள். ஆகையால் பலகை மேசை ஆயிற்று. மேசை அதன் மேல் வைத்த சாப்பாடு ஆயிற்று, உன் வீட்டுக்காரம்மா நீட்டிய தட்டு அதுதான், அவர் சோற்றைச் சாப்பிட்டு அவர் கூரைக்குக் கீழே படுக்கிற நீ ஒரு போர்டர். சரி, சாப்பிட்ட மனுஷர்கள் கையைக் கழுவிக்கொண்டு எழுந்து போனார்களா என்றால் அதுதான் இல்லை. அங்கேயே உட்கார்ந்து பல்லைக் குத்திக்கொண்டு அடுத்தவன் காரியத்தைத் தீர்மானிக்க ஆரம்பித்தார்கள், ஆகையால் மேசையைச் சுற்றி உட்கார்ந்த ஆட்களுக்கும் போர்டு என்றே பெயர் விழுந்தது. உன் கம்பெனியில் முடிவு செய்கிற போர்டு இந்த ரகம், பலகை முடிவு செய்யவில்லை, பலகையில் முழங்கை ஊன்றியவர்கள் முடிவு செய்தார்கள். கப்பு வைக்கிற பலகை கப்போர்டு ஆயிற்று, இன்றைக்கு அதில் கப்பைத் தவிர எல்லாம் இருக்கிறது. சீட்டாடும்போது இரண்டு கையையும் பலகைக்கு மேலே வைத்திருப்பவன் யோக்கியன், அதனால் ஒளிவுமறைவு இல்லாத காரியத்தை அபவ் போர்டு, அதாவது பலகைக்கு மேலே நடந்தது, என்கிற மாதிரி ஒரு பேச்சு வழக்கு. அதைக் கேட்டதும் உன் அம்மா திரும்பி என் கை எங்கே இருக்கிறது என்று பார்த்தார்.

வாத்தியார் முடித்துவிட்டுப் பெருமையாக, பார்த்தியாப்பா, ஒரு பலகை இவ்வளவு தூரம் நடக்க ஆயிரம் வருஷத்துக்கு மேல ஆகியிருக்கு என்றார். நான் அவர் ஸ்டூலுக்கு எதிரே நம் இஸ்திரி மேசையைத் தட்டிக் காட்டி, சார், இது அதே தூரத்தை இருபத்தெட்டு வருஷத்தில் நடந்துவிட்டது, உங்கள் அகராதிக்காரர்கள் எங்களைக் கேட்டிருந்தால் இத்தனை பக்கம் மிச்சமாகியிருக்கும் என்றேன். நான் அளக்கிறேன் என்று அவர் நினைத்தார். நீயே சொல், இதில் என்ன பொய். அது பிறந்தது பலகையாக, வாழ்ந்தது ஒரு படகின் விலாவில். படகு உடைக்கிற இடத்தில் நானும் உன் அப்பாவும் அதை வாங்கி ஆளுக்கொரு முனையைத் தோளில் வைத்துக்கொண்டு வந்தோம், வழியில் அது இன்னும் மிதக்கிற நினைப்பில் இடமும் வலமும் ஆட, நாங்களும் ஆடினோம், பார்த்தவர்கள் எங்களைப் பற்றி வேறு விதமாகப் பேசினார்கள். முதலில் அது கடையின் பெயர்ப் பலகை. பெயிண்டர் எழுத்துகளை அகல அகலமாக விட்டும் பாதிப் பலகை மிஞ்சிப் பக்கத்துக் கடைக்குள் நீட்டிக்கொண்டு நின்றது. எழுத்து வெயிலில் வெளுத்ததும் இறக்கிக் கவிழ்த்துப் போட்டோம், இஸ்திரி மேசை ஆயிற்று. நீ தவழ்கிற வயதில் அதற்குக் கீழே மல்லாந்து படுத்து அடிப்பக்கத்தில் மிச்சமிருந்த எழுத்துகளை விரலால் தடவிக்கொண்டிருப்பாய், நீ முதன்முதலில் கூட்டிப் படித்த வார்த்தை சலவை. மத்தியானம் போர்வையைச் சுருட்டி ஓரமாக வைத்தால் அதே பலகை சாப்பாட்டு மேசை. ஞாயிற்றுக்கிழமை கடையைச் சாத்தியதும் நாலு பேரும் அதைச் சுற்றி உட்கார்ந்தால் அதுதான் நம் போர்டு, தீர்மானம், விவாதம், கோடு போட்ட நோட்டுப் புத்தகம், நாலு கையெழுத்து. எந்த அகராதியும் பார்க்காமல் வரிசை தப்பாமல் வந்திருக்கிறோம்.

வாத்தியார் அசந்துபோய், அந்த நோட்டை ஒரு நாள் பார்க்கணுமே என்றார். அதில் முதல் பக்கத்தில் உன் சட்டம் இருக்கிறது. உனக்கு மறந்திருக்காது, இருந்தாலும் சொல்கிறேன், எனக்கு அதைச் சொல்வதில் ஒரு தனிச் சுகம். உனக்கு ஒன்பது வயதில் நாம் இந்தக் கடைக்கு மாறினோம். பலகை வாசலில் நுழையவில்லை. உன் அப்பா நிமிர்த்திப் பார்த்தார், சாய்த்துப் பார்த்தார், வாசலை ஒரு முறை முறைத்தார், பிறகு யாரிடமும் ஒரு வார்த்தை கேட்காமல் ரம்பத்தை எடுத்து ஒரு முழம் அறுத்துத் தள்ளினார். அறுத்த துண்டு தரையில் விழுந்த சத்தத்துக்கு உன் அம்மா உள்ளேயிருந்து வந்தார், பலகையைப் பார்த்தார், துண்டைப் பார்த்தார், போய் வாசலுக்குப் பக்கத்தில் இருந்த ஜன்னலைத் திறந்து வைத்தார். யானையை நுழைக்கலாம், அவ்வளவு பெரிய ஜன்னல். அதன் பிறகு மூன்று நாள் இந்த வீட்டில் இஸ்திரிப் பெட்டி மட்டும்தான் மூச்சு விட்டது. ஞாயிற்றுக்கிழமை வந்ததும் நீ நோட்டைப் பிரித்து, நாலு பேரும் கையெழுத்துப் போடாமல் பலகையை இனி யாரும் அறுக்கவோ விற்கவோ இடம் மாற்றவோ கூடாது என்று குண்டு குண்டு எழுத்தில் எழுதி, முதல் கையெழுத்தை உன் அப்பாவிடம் வாங்கினாய். அன்றைக்குத்தான் உனக்குச் சின்ன முதலாளி என்று பட்டம் கட்டினேன்.

அந்தச் சட்டம் இப்போது என்ன வேலை செய்கிறது என்பதைச் சொல்லத்தான் இத்தனை நீட்டி முழக்கினேன். இரண்டு வருஷத்துக்கு முன்னால் ஒரு ஞாயிற்றுக்கிழமை நீ ஸ்டீம் பிரஸ் மெஷின் வாங்கலாம் என்று ஒரு விளம்பரப் படத்தை வெட்டி நோட்டில் ஒட்டித் தீர்மானம் கொண்டுவந்தாய். உன் அப்பா பலகையை ஓங்கித் தட்டி, நான் நிக்கிற வரைக்கும் இதுதான், மெஷினுக்கு இங்க இடமில்லை என்றார். என் பேச்சுக்கே இடமில்லாத இடத்துல நான் எதுக்கு உட்காரணும் என்று நீ எழுந்தாய். ஆறு மாதத்தில் வேலை தேடிக்கொண்டு போயும் விட்டாய். ஒன்றரை வருஷமாக அப்பாவும் மகளும் ஒரு சொல் பேசவில்லை. வெள்ளிக்கிழமை உன் அம்மா போனைப் பிடித்திருக்கும்போது உன் அப்பாவின் பெட்டி அசைவதே இல்லை, காதை இங்கே வைத்துக்கொண்டு கையை மறந்துவிடுவார். பலகைமேல் விரித்த போர்வையில் பெட்டி வடிவத்தில் கருகிய தடம் இதுவரைக்கும் பதினொன்று, நான் ஒவ்வொன்றிலும் சாக்பீஸால் தேதி போட்டு வைத்திருக்கிறேன். போன மாதம் ஒரு நாள் நீ ஜலதோஷம் என்று சொல்லியிருப்பாய் போல, அன்றைக்குப் போர்வையைத் தாண்டிப் பலகையே கருகிவிட்டது.

போன மாதம் கடைசி ஞாயிற்றுக்கிழமைக் கூட்டத்தில் உன் அப்பா தொண்டையைக் கனைத்தார். பத்து நிமிஷம் கனைத்தார், கப்பல் புறப்படப்போகிறது என்று நினைத்தேன். பிறகு ஒரு மெஷின் வாங்கலாம்னு இருக்கேன் என்றார். என்ன மெஷின் என்று நான் ஒன்றும் தெரியாத பச்சைப் பிள்ளையாகக் கேட்டேன். நோட்டைப் புரட்டி, நீ ஒட்டிய அதே படத்தை எடுத்து, கீழே இருந்த உன் எழுத்தின் மேல் கட்டை விரலை அழுத்தி மறைத்துக்கொண்டு, இந்த மாதிரி ஒண்ணு என்றார். காரணம் அவர் வலது தோள். பயப்படாதே, டாக்டர் பார்த்துவிட்டார், தேய்மானம்தான், ஆனால் நாள் பூராவும் பெட்டியைத் தள்ளுகிற வேலையை விடாவிட்டால் கையைத் தலைக்கு மேலே தூக்க முடியாமல் போகும் என்றிருக்கிறார். உன் அம்மா இதை உன்னிடம் போனில் சொல்லவில்லை, நீ வேலையை விட்டுவிட்டு ஓடி வருவாய் என்று பயம், நான் சொல்லிவிட்டேன், எனக்குப் பயம் கிடையாது, சொல்லக்கூடாது என்று யாரும் என்னிடம் கையெழுத்து வாங்கவும் இல்லை. மெஷின் வந்தால் பலகை இருக்கிற இடம் மொத்தமும் அதற்கு வேண்டும். சரி, பலகையை எடுத்துடலாம், கையெழுத்துப் போடுங்க என்று உன் அப்பா பேனாவை நீட்டினார். உன் அம்மா பேனாவை வாங்கினார், உடனே போட்டார். நானும் போட்டேன், ஒரு ராஜா போடுகிற மாதிரி வால் சுழித்துப் போட்டேன். பிறகு உன் அம்மா முந்தானையால் மூக்குக் கண்ணாடியைத் துடைத்துக்கொண்டே மெதுவாக, நாலாவது யார் போடறது என்றார்.

அந்த முகத்தை நீ பார்த்திருக்க வேண்டும். அவதான் போயிட்டாளே, போனவளுக்கு என்ன ஓட்டு என்றார் உன் அப்பா. நான் நோட்டின் முதல் பக்கத்தை எடுத்து, கோர்ட்டில் தீர்ப்பு வாசிக்கிற குரலில், அண்ணே, போனவங்க வந்தவங்கன்னு இதுல ஒண்ணும் பிரிச்சு எழுதலை, நாலு பேரும்னுதான் இருக்கு, கீழே முதல் கையெழுத்து யாரோடதுன்னு எனக்கு எழுத்துக் கூட்ட வரலை என்றேன். வாயை மூடுடா என்றார். மறுநாள் வாத்தியார் சட்டை வாங்க வந்தபோது உன் அப்பா அவரிடம் நோட்டைக் கொடுத்து, இதுல எங்கயாவது ஓட்டை இருக்கான்னு பாருங்க என்று கேட்டார். வாத்தியார் இரண்டு தடவை படித்துவிட்டு, தண்ணி போகக்கூட இடமில்லைங்க, இதை எழுதின வக்கீல் யாரு என்றார். எழுதும்போது ஒன்பது வயசு என்றார் உன் அப்பா. வாத்தியார் படி இறங்கும்போது கூடவே வாசல்வரைக்கும் போய், ஒன்பதுதான் முடிஞ்சிருந்தது, பத்துகூட ஆகலை என்று இன்னொரு தடவை சொன்னார். நான் தலையணை உறைகளுக்குள் முகத்தைப் புதைத்துக்கொண்டு சிரித்தேன், அதனால் அவற்றை மறுபடி தேய்க்க வேண்டியதாயிற்று.

நீயே போன் பண்ணிக் கேட்டுடு என்று உன் அம்மாவிடம் சொல்லிப் பார்த்தார் உன் அப்பா. உன் அம்மா வெள்ளிக்கிழமை உன்னிடம் முக்கால் மணி நேரம் பேசினார், மழை, செருப்பு, பக்கத்து வீட்டுக் குழந்தைக்குப் பல் முளைத்தது எல்லாம் பேசினார், பலகையை மட்டும் மறந்துவிட்டார். நாற்பது வருஷத்துக்கு முன்னால் கடனாகப் போன ஊசியை யார் வாங்கினார்கள் என்று ஞாபகம் வைத்திருக்கிற மனுஷி. அடுத்த வெள்ளியும் மறந்தார். நான்தான் பரிதாபப்பட்டு, அண்ணே, ஒரு கடிதம் எழுதுகிறேன், அவள் சம்மதம் என்று எழுதிக் கையெழுத்துப் போட்டுத் தபாலில் அனுப்பட்டும், முடிந்தது கதை என்று யோசனை சொன்னேன். அவர் நாலு நாள் சட்டையைத் தேய்த்துக்கொண்டே யோசித்தார்.

புதன்கிழமை தச்சரைக் கூட்டிக்கொண்டு வந்தார். பலகையை வெளியே போட மனசில்லை போலிருக்கிறது, கால் வைத்து மாடியில் சாப்பாட்டு மேசையாக்க முடியுமா என்று கேட்டார். ஆயிரம் வருஷத்து அகராதி மறுபடி நம் வீட்டுக்கே வந்து நின்றதை எண்ணி நான் புல்லரித்து நின்றேன், யாரும் கவனிக்கவில்லை. தச்சர் குனிந்து தட்டிப் பார்த்தார், மரம் இன்னும் நூறு வருஷம் இருக்கும் என்றார், பொத்தான்களை விழுங்குமே அந்தப் பழைய ஆணித் துளை, அதை அடைத்துவிடலாம் என்றார், பிறகு நாடாவை வைத்து அளந்துவிட்டு உதட்டைப் பிதுக்கினார். மூணு பேர் தாராளமா உட்காரலாம், நாலாவது ஆள்னா முழங்கை இடிக்கும் என்றார். உன் அப்பா அவரைப் பார்க்காமல் நாடாவைப் பார்த்துக்கொண்டு, இதுல அறுத்த துண்டு ஒரு முழம் இருக்கு, அது கிடைச்சா ஒட்டலாமா என்று கேட்டார். கிடைச்சா பேஷா ஒட்டலாம், நாலு பேர் சாப்பிடலாம், தழும்புதான் கொஞ்சம் தெரியும் என்றார் தச்சர்.

நீ புறப்பட்ட அன்றைக்கு நானும் நீயும் அந்தத் துண்டை அலமாரி மேலிருந்து திருட்டுத்தனமாக இறக்கி, உன் கம்பளிச் சட்டைகளுக்கு நடுவில் வைத்து, மேலே குளியல் டவலைப் போட்டு ஜிப்பை இழுத்தோமே, சின்ன வயதிலிருந்து மடியில் வைத்து வீட்டுப்பாடம் எழுதினது, அது இல்லாமல் எனக்கு எழுத வராது சித்தப்பா என்றாயே, இப்போதும் அதில் வைத்துத்தான் எனக்குக் கடிதம் எழுதுவதாகப் போட்டிருக்கிறாய். இந்த உலகத்தில் நம் இரண்டு பேருக்கு மட்டும் தெரிந்த ரகசியம். ஆகவே நான் தொண்டையைச் சரிபண்ணிக்கொண்டு, அதா, அது அலமாரி மேலதான் எங்கயாவது கிடக்கும், எலி இழுத்துட்டுப் போயிருக்கும், எலின்னா சாதாரண எலி இல்லை, இந்தத் தெருவுல கன்றுக்குட்டி அளவுக்கு என்று ஆரம்பித்தேன். உன் அப்பா நாடாவைச் சுருட்டித் தச்சரிடம் கொடுத்தார். அது அவகிட்ட இருக்கு என்றார். உங்களுக்கு எப்படித் தெரியும் என்று கேட்டேன். பஸ் வரைக்கும் பையைத் தூக்கிட்டு வந்தது யாரு, வழி பூரா முழங்கால்ல இடிச்சுட்டே வந்துது என்றார்.

உனக்கு ஞாபகம் இருக்கும். அன்றைக்கு ஒரு வார்த்தை பேசாமல் பையைப் பிடுங்கிக்கொண்டு நமக்கு முன்னால் பத்தடி தள்ளி நடந்தாரே, கோபத்தில் நொண்டிக்கொண்டு போகிறார் பார் என்று நான் உன் காதில் கேலி பண்ணினேன். நீயும் சிரித்தாய். அந்தச் சிரிப்பை இப்போது திரும்பக் கொடுத்துவிடலாம் போலிருக்கிறது, என்னால் முடிந்தால் என் பங்கை நான் கொடுக்கிறேன்.

தச்சர் போனதும் உன் அப்பா நோட்டை எடுத்தார். தோள் வலிக்கிறது, நான் எழுதுகிறேன் என்றேன், கேட்கவில்லை. பலகை சம்பந்தமாகத் தபால் ஓட்டு செல்லாது, ஆள் நேரில் வர வேண்டும், துண்டோடு வர வேண்டும் என்று எழுதி, கீழே கையெழுத்துப் போட்டு, எங்களிடம் நீட்டினார். உன் அம்மா ஒரு நொடி தாமதிக்கவில்லை, நானும் தாமதிக்கவில்லை, இந்தத் தடவை வால் சுழிக்கவும் மறந்துவிட்டேன். ஆனால் இது உன் சட்டத்தையே திருத்துகிறது, இதற்கும் நாலு கையெழுத்து வேண்டுமே, அதை நான் அவரிடம் சொல்லவில்லை. ஆக, நீ வந்து இது செல்லும் என்று கையெழுத்துப் போடுகிறவரை தபால் ஓட்டு செல்லும், வந்த பிறகு தபாலுக்கு அவசியமே இல்லை. இந்த மாதிரி ஒரு முடிச்சை உன் கம்பெனி போர்டால் போட முடியுமா என்று அந்த மேலாளரிடம் கேள். மெஷின்காரரை அப்பா அடுத்த மாதம் பத்தாம் தேதிக்கு மேல் வரச் சொல்லியிருக்கிறார், தோள் அதுவரைக்கும்தான் தாங்கும், மூன்று பெட்டிகளில் ஓடுகிற இரண்டையும் இப்போது நான்தான் தள்ளுகிறேன், நேற்று மட்டும் எண்ணூறு சட்டை, சரி, அறுபது.

ஆகையால் லீவு கேள். இல்லை என்றால் நான் அவர்களுக்கு ஒரு கடிதம் எழுதுகிறேன் என்று மிரட்டு, கொடுத்துவிடுவார்கள். வந்ததும் யார் முதலில் பேசுவது என்று இரண்டு பேரும் வாசலில் நின்று மல்லுக்கட்ட வேண்டாம், துண்டை எடுத்து அவர் கையில் கொடு, அவர் அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்து இங்க கீறல் விழுந்திருக்கே என்று கட்டாயம் குறை சொல்வார், அதோடு பேச்சு ஆரம்பித்துவிடும். அது இல்லாமல் எழுத வராது என்றால் கவலைப்படாதே, தச்சரிடம் உனக்கு வேறு ஒன்று இழைத்துத் தரச் சொல்லியிருக்கிறேன். வீட்டுக்காரம்மாவிடம் என் வணக்கத்தைச் சொல், பலகையைக் கேட்ட பிள்ளைக்குச் சோறு போட்ட கை நன்றாக இருக்க வேண்டும். நீ எங்கே உட்கார்ந்தாலும் உன் முழங்கைக்கு இடமும் உன் பேச்சுக்குக் காதும் இருக்கட்டும், நோய்நொடி இல்லாமல் இரு. வரும்போது துண்டைத் துணியில் சுற்றி, மறக்காமல், நீயே தூக்கிக்கொண்டு வா, முழங்காலில் இடிக்கும், பரவாயில்லை.

ஒட்டுவதற்கு முன்பே உறையை உன் அப்பா என் கையிலிருந்து வாங்கிக்கொண்டார், உன் எழுத்து கோழி கிண்டின மாதிரி இருக்கும்டா, போய்ச் சேராது என்றார். உன் விலாசத்தைத் தேடி நான் சட்டைப்பையைத் தடவுவதற்குள் பின்கோடு உட்பட எதையும் பார்க்காமல் எழுதி முடித்துவிட்டார். உறையைப் பிரிக்கும் முன்பே அந்த எழுத்தை நீ பார்த்திருப்பாய், நான் சொல்லித் தெரிய வேண்டியதில்லை.

இப்படிக்கு,
மூன்று கையெழுத்தோடு காத்திருக்கும்
உன் சித்தப்பா